வார்டு வேட்பாளர் கொடுத்த நோட்டீஸில் எது நடக்கும், எது நடக்காது? (கேள்வி பதில்)

எங்கள் ஊர் கொங்குப் பக்கம் ஒரு நகராட்சி. கவுன்சிலராக நிற்கப் போகிறேன் என்று ஒருவர் இப்போதே வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்து வருகிறார். தலைப்பு: ‘உழைக்கும் குடும்பங்களுக்கு என் எட்டு உறுதிமொழிகள்’. தினமும் குடிநீர், இரவு வரை குழந்தைக் காப்பகம், சொத்து வரி பாதி, விடுபட்ட எல்லாருக்கும் மகளிர் உரிமைத் தொகை, இருட்டுச் சந்து இல்லாத வார்டு, தள்ளுவண்டிக்காரர்களுக்குப் பாதுகாப்பு, கூடுதல் டவுன் பஸ், கம்பெனிகளில் உள்ளூர் ஆட்களுக்கே வேலை. நான் நகராட்சி அலுவலகத்தில் மன்றப் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவன். ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது’ என்று எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ. இந்த நோட்டீஸை வைத்துக் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (பனியன் கம்பெனி, செக்கிங் வேலை): சார், இந்த எட்டில் ஒரு கவுன்சிலரால் உண்மையிலேயே முடிவது எத்தனை?

மூன்று. கொஞ்சம் தாராளமாகச் சொன்னால் மூன்றரை. தண்ணீர், தெருவிளக்கு, தள்ளுவண்டி, இதோடு காப்பகத்தில் பாதி. உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கிய மாநில அரசுத் திட்டம். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதில் கவுன்சிலருக்கு ஒரு பங்கும் கிடையாது, மேல்முறையீட்டு மனுவை எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். பஸ் போக்குவரத்துக் கழகத்தின் கையில். கம்பெனியில் யாரை வேலைக்கு எடுப்பது என்பதை நகராட்சி மன்றம் தீர்மானம் போட்டு மாற்ற முடியாது. சொத்து வரிக்கு அப்புறம் வருகிறேன்.

கேள்வி (கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம், லைன் வீடு): தினமும் தண்ணீர் என்கிறார். எங்களுக்கு ஐந்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் காலை பதினோரு மணிக்கு வருகிறது. அந்த நேரம் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். இதற்கு வழி உண்டா?

உங்கள் கேள்வியைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். தினமும் தண்ணீர் என்றால் ஆற்றில் எடுக்கும் அளவு, மெயின் குழாய், மேல்நிலைத் தொட்டி எல்லாமே பெருக வேண்டும். அதற்குப் பெரிய நிதி வேண்டும், சென்னையில் ஒப்புதல் வேண்டும், ஒரு கவுன்சிலரின் ஐந்து வருடத்தில் முடிந்தால் அதிர்ஷ்டம். ஆனால் உங்கள் பிரச்சினை எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பது மட்டும் இல்லையே, எத்தனை மணிக்கு என்பதும்தானே? அது வால்வு திறக்கிறவரின் கையில் இருக்கிறது. தொட்டி நிரம்பினதும் எந்தத் தெரு முதலில், எந்தத் தெரு அடுத்து என்று ஒரு முறை வைத்திருப்பார்கள். பல ஊரில் அது எப்போதோ யாருடைய சௌகரியத்துக்கோ போட்டது, அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊரில் ஒரு பெண் கவுன்சிலர் இருந்தார். மன்றத்தில் பெரிதாகப் பேச மாட்டார். ஆனால் பதவிக்கு வந்த புதிதில் வால்வு திறக்கிறவரோடு சேர்ந்து ஒரு வாரம் காலை நாலரை மணிக்கே தெருத் தெருவாக நடந்தார், கையில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று. எந்தத் தெருவில் எல்லாரும் எட்டு மணிக்குள் கிளம்புகிறார்கள், எந்தத் தெருவில் பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதினார். அப்புறம் பொறியாளரிடம் உட்கார்ந்து பேசி முறையை மாற்றினார்கள். லைன் வீட்டுத் தெருக்களுக்குக் காலை ஐந்தரைக்கு, கடைத்தெருவுக்குப் பத்து மணிக்கு. செலவு ஒரு ரூபாய் இல்லை, எஸ்டிமேட் இல்லை, டெண்டர் இல்லை. முன்பெல்லாம் அந்தத் தெருவில் தண்ணீர் வருகிற அன்று யாராவது ஒரு பெண் அரை ஷிப்டை விட்டுவிட்டு வீட்டில் நிற்பார். அது நின்றது. என்னைக் கேட்டால் ‘தினமும் குடிநீர்’ என்று நோட்டீஸ் அடிப்பதைவிட ‘நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் குடிநீர்’ என்று அடிக்கலாம், ஆனால் அதற்கு யார் கைதட்டுவார்கள்?

கேள்வி (சொந்த வீடு, 550 சதுர அடி): சொத்து வரியைப் பாதியாகக் குறைப்பது கவுன்சிலரால் முடியாதா? மன்றம்தானே வரி போடுகிறது?

காகிதத்தில் மன்றம்தான். நடைமுறையில் அப்படி இல்லை. 2022 ஏப்ரலில் உயர்த்தியபோது 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று அரசாணைப்படிதான் வந்தது. மன்றங்கள் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டன. சொத்து வரியைக் காலத்துக்கு ஏற்ப உயர்த்தாத நகராட்சிக்கு மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியம் கிடைக்காது என்று நிபந்தனை இருந்தது. அந்த மானியத்தை விட்டுவிட்டு வரியைப் பாதியாக்கினால் குப்பை வண்டிக்கு டீசல் போடவே காசு இருக்காது.

உங்களுக்கு உடனே பயன்படுகிறது ஒன்று சொல்கிறேன். அரையாண்டு தொடங்கிய முதல் முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிப்பார்கள். பாதி பேருக்கு இது தெரியாது, தெரிந்த பாதி பேர் மார்ச் கடைசியில்தான் வருவார்கள்.

கேள்வி (ஓவர்லாக் டெய்லர், இரண்டு வயதுக் குழந்தை): காப்பகம் பற்றிச் சொல்லுங்கள் அண்ணா. அதுதான் எனக்கு வேண்டியது.

இதைக் கொஞ்சம் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் அம்மா. அங்கன்வாடி சமூக நலத் துறையின் கீழ் வருகிறது. ஊழியர் சம்பளம், நேரம் எதுவும் நகராட்சியின் கையில் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்து வர எட்டு மணி ஆகும். பெரிய குழந்தை அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குள் படித்தால் காலை உணவுத் திட்டத்தால் காலை நேரம் எப்படியோ ஓடிவிடுகிறது. ஓடாதது அந்த நாலிலிருந்து எட்டு. நோட்டீஸ் எழுதியவருக்கு அது புரிந்திருக்கிறது, அதற்காக அவருக்கு ஒரு மார்க் போடலாம்.

ஆனால் ‘இரவு வரை காப்பகம்’ என்றால் ஆயாவுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று அதில் ஒரு வரி இல்லை. நகராட்சியிடம் இடம் இருக்கும். பழைய சத்துணவுக் கூடம், பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடம் மாதிரி. அதை மகளிர் குழுவுக்குக் காப்பகம் நடத்தக் கொடுக்க ஒரு தீர்மானம் போதும். மாதா மாதம் ஆகும் செலவை நகராட்சியின் பொது நிதியில் ஏற்றினால் ஆறு மாதத்தில் தணிக்கை ஆட்சேபணை வரும், அப்புறம் பூட்டு. அதனால் வேட்பாளரிடம் இடம் எது, ஆள் யார், சம்பளம் எங்கிருந்து என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு பலன் சட்டத்தைத் திருத்தினார்கள். உங்கள் கம்பெனியில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தால் அது சலுகை இல்லை, உங்கள் உரிமை. வேலையில் இருந்தபோது உரிமம் சம்பந்தமாக ஒரு கம்பெனிக்குப் போனேன். அங்கே காப்பகம் என்று ஒரு அறை, கதவில் மான் படம்கூட வரைந்திருந்தார்கள். உள்ளே நூல் கோன் அட்டைப்பெட்டிகள். குழந்தை மெஷினுக்குக் கீழே வேஸ்ட் துணி மூட்டை மேல் தூங்கிக்கொண்டிருந்தது.

கேள்வி (இரவு ஷிப்ட், மில்): கம்பெனி வண்டி மெயின் ரோட்டில் இறக்கி விடுகிறது. அங்கிருந்து வீட்டுக்கு ஐந்நூறு மீட்டர் இருட்டு. மூன்று முறை மனு கொடுத்தாயிற்று.

மனுவில் கம்பத்து எண் எழுதினீர்களா? ‘எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை’ என்று வந்த மனு அலுவலகத்தில் மேஜை மேஜையாகச் சுற்றும். எந்தெந்த எண்ணுள்ள கம்பத்தில் எரியவில்லை, எந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் கம்பமே இல்லை என்று எழுதினால் வயர்மேன் நேராக அங்கே போவார். புதுக் கம்பம் வேண்டுமென்றால் எஸ்டிமேட் போட்டு மன்றக் கூட்டத்தில் விவாதப் பொருளாக வைக்க வேண்டும், அதுதான் கவுன்சிலர் வேலை. நோட்டீஸ் கொடுத்தவரை இரவு வண்டி வரும் நேரத்துக்கு வந்து உங்களோடு அந்த ஐந்நூறு மீட்டர் நடக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (இரவு டிபன் வண்டி): எங்களுக்குப் பாதுகாப்பு என்று போட்டிருக்கிறாரே, அது என்ன பாதுகாப்பு?

அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். ஆனால் சட்டம் இருக்கிறது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஊருக்கு ஒரு நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்தலில் வந்து உட்கார வேண்டும். உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமையில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

கேள்வி (வேறு வார்டு): எங்களுடையது பெண்கள் வார்டு. மனைவி நிற்கிறார், நோட்டீஸில் கணவர் படம்தான் பெரிது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

50 சதவீத இட ஒதுக்கீடு 2016-இல் வந்தது, கணவர் படத்தைச் சின்னதாக்கும் சட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் கணவர் பெயர் ஏறாது, கூட்ட அரங்கில் அவருக்கு நாற்காலி கிடையாது. வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகக் கண் ஜாடை காட்டிய கணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் ஜன்னலைப் பார்த்துக் கைதூக்கிய ஒரு அம்மா மூன்றாம் வருடம் ஜன்னலைச் சாத்தச் சொன்னதையும் பார்த்தேன். வீட்டுக்கு வரும்போது கேள்வியை அந்த அம்மாவிடமே கேளுங்கள். கணவர் பதில் சொல்ல வாயெடுத்தால், ‘உங்களிடம் அப்புறம் கேட்கிறேங்க’ என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஒடிசா தொழிலாளர்கள் தங்கும் லைன் வீட்டு உரிமையாளர்): வடமாநிலத்தவர் பற்றி நோட்டீஸில் ஒன்றுமே இல்லையே?

ஓட்டு இல்லையே, அதனால் இல்லை. எட்டாவது உறுதிமொழி அவர்களுக்கு எதிராகத்தான் எழுதியிருக்கிறது. அவர்களும் அதே தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள், அதே சாக்கடை ஓரத்தில்தான் குடியிருக்கிறார்கள். 2020 அக்டோபர் முதல் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ இங்கேயும் உண்டு, ஊரில் கார்டு இருந்தால் இங்கே வாங்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். உங்கள் வாடகை வீட்டில் இருபது பேருக்கு எத்தனை கழிப்பறை என்று நான் கேட்கவில்லை, நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கவுன்சிலர் இல்லாமலே ஊர் ஓடுகிறதே ஐயா, ஓட்டுப் போட்டு என்ன ஆகப் போகிறது?

ஓடும். 2011 தேர்தலில் வந்தவர்களுக்கு 2016-இல் காலம் முடிந்தது, அடுத்த ஓட்டு 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் விழுந்தது. நடுவில் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. எங்களுக்கு வேலை சுலபம், தகராறே இல்லை, மன்றத்தின் முடிவும் அவரே, ஆணையும் அவரே. அந்தக் காலத்தில் பில் எதுவும் நிற்கவில்லை. ஆனால் வால்வு நேரத்தை மாற்றச் சொல்லி அலுவலகத்துக்குள் கத்த யாரும் இல்லை. அந்த அம்மா போட்ட முறை மெல்ல மெல்லப் பழையபடி ஆகிவிட்டது, லைன் வீட்டுத் தெருவுக்கு மறுபடியும் பதினோரு மணி.

கேள்வி: சரி, உங்கள் வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வந்தால் நீங்கள் என்ன கேட்பீர்கள்?

எங்கள் தெருவில் கடைசியாகத் தண்ணீர் வந்தது என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்பேன். போன வாரம் வந்தவரிடம் கேட்டேன். கூட வந்தவரைத் திரும்பிப் பார்த்தார், அவர் இன்னொருவரைப் பார்த்தார். கடைசியில் என் வீட்டுக்காரம்மாதான் உள்ளே இருந்து, ‘புதன்கிழமை, பத்தே முக்கால்’ என்றார்.

பேரனைப் பள்ளியில் இருந்து கூட்டி வர வேண்டும், நேரம் ஆகிவிட்டது. பாதாளச் சாக்கடை டெபாசிட் பற்றிக் கேட்ட இரண்டு பேருக்கும் நாளைக்கு எழுதுகிறேன்.