கடலடிப் பிளவு திறந்தால் ‘எரியும் பனிக்கட்டி’ வெடித்து நம் கரைக்கு சுனாமி வருமா?

கேள்வி: எங்கள் ஊர் ராதாபுரம் பக்கம், கடலோரம். கடலுக்கு அடியில் ‘எரியும் பனிக்கட்டி’ மலை மலையாகக் கிடக்கிறது, நில அதிர்ச்சியில் பிளவு திறந்தால் மொத்தமும் வெடித்து சுனாமி வரும் என்று ஒரு வாட்ஸப் ஆடியோ சுற்றுகிறது. உண்மையா?

பதில்: அந்த ஆடியோ சொல்கிற மாதிரி சுனாமி வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் யாராவது அதைக் கேட்டுவிட்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் சித்தி அப்படித்தான் இருந்தார். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த ஜனங்களிடம் கடலை வைத்துப் பயமுறுத்துவது பெரிய பாவம்.

நான் உவரிக்கும் கூட்டப்புளிக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர்க்காரி. தூத்துக்குடியில் ஜியாலஜி படித்துவிட்டு இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். கப்பலில் இருந்து ஒலி அலையைக் கீழே அனுப்புவார்கள். அது கடல் தரையிலும் அதற்கு அடியில் உள்ள மண் அடுக்குகளிலும் பட்டுத் திரும்பும். திரும்பி வந்ததைப் படமாக மாற்றிப் படிப்பது என் தொழில். ‘இவள் கம்பெனிக்கு ஆள், அணு உலைக்கு ஆள்’ என்று கீழே யாராவது எழுதுவார்கள், தெரியும். கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போட்ட இடிந்தகரைப் பந்தலில் எங்கள் வீட்டுப் பெண்களும் உட்கார்ந்தவர்கள்தான். நீங்கள் கேட்டது அணு உலை பற்றி இல்லை, அதனால் அதை இங்கே எழுதவில்லை.

ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தபோது இதே ஆடியோவைச் சித்தப்பா போட்டுக் காட்டினார். வலை சரிபார்க்கிற கொட்டகையில் இன்னும் சிலர் இருந்தார்கள். “ஏ மக்கா, நீ இதத்தான படிச்ச? இது நெசமா?” என்றார். சரி, முழுசாகவே சொல்லிவிடுவோம் என்று நானும் உட்கார்ந்தேன்.

அதன் பெயர் மீத்தேன் ஹைட்ரேட். நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக் கூடாகி, உள்ளே மீத்தேன் வாயுவைப் பிடித்து வைத்திருக்கும். நுங்குக் கண்ணுக்குள் தண்ணீர் இருக்கிற மாதிரி என்று சொன்னேன். பார்த்தால் பனிக்கட்டி, நெருப்பு வைத்தால் எரியும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் கலைந்தால் சுமார் 160 கன மீட்டர் வாயு வெளியே வரும். ஆடியோவில் பேசியவர் பிடித்துக்கொண்டது இந்த ஒரு கணக்கைத்தான்.

அந்தக் கூடு கலையாமல் இருக்கக் குளிரும் வேண்டும், அழுத்தமும் வேண்டும். நம்முடையது மாதிரி வெப்பக் கடலில் 500, 600 மீட்டருக்குக் கீழே போனால்தான் இரண்டும் சேர்ந்து அமையும். நம் ஆட்கள் மீன் பிடிக்கப் போகிற வெட்ஜ் பேங்க் திட்டிலும், கரையை ஒட்டிய கடலிலும் அந்த ஆழமே கிடையாது. அங்கே ஹைட்ரேட் உருவாகவே வழியில்லை. இதைச் சொன்னதும், ஆழ்கடலுக்குப் போய்ப் பழகிய ஒரு மாமா, “ஆழத்துல இருந்து வார மீனு கையில தொட்டா சில்லுன்னு இருக்கும், மேல வெயிலு கொளுத்தும். அப்பம் இந்தக் கட்டி அந்தக் குளிருலதான் கெடக்குது, என்ன?” என்று கேட்டார். அதேதான். கிருஷ்ணா-கோதாவரிக் கடலில் 1000 மீட்டர் ஆழத்தில் தரையை ஒட்டிய தண்ணீர் 6, 7 டிகிரிதான் இருக்கும். நான் கல்லூரியில் வரைபடம் போட்டுப் படித்ததை அவர் தொழிலில் இருந்தே பிடித்துவிட்டார்.

அப்புறம் பிளவு. மண் அடுக்கும் பாறையும் உடைந்து ஒரு பக்கம் நகர்ந்த இடத்தைத்தான் பிளவு என்கிறோம். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் மக்கிய பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று மீத்தேனை உண்டாக்கும். அந்த வாயு மேலே ஏறப் பார்க்கும், களிமண் லேசில் விடாது. பிளவு இருந்தால் அதன் வழியே ஏறும். குளிரும் அழுத்தமும் சரியாக இருக்கிற மட்டத்துக்கு வந்ததும் அங்குள்ள தண்ணீரோடு சேர்ந்து அந்த விரிசல்களுக்குள்ளேயே உறைந்துவிடும். ஹைட்ரேட்டைச் சேர்த்து வைப்பதே பிளவுகள்தான். ஆடியோவில் இதை அப்படியே தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள்.

2006-இல் ஜாய்டஸ் ரெசொலூஷன் என்ற துளையிடும் கப்பலை வைத்து இந்தியா பெரிய ஆய்வு செய்தது. முதலில் மேற்கே கேரள-கொங்கண் கடலில் துளை போட்டார்கள், ஹைட்ரேட் இல்லை. பிறகு கப்பல் குமரி முனையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்குப் போனது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் ஓர் இடத்தில் சுமார் 130 மீட்டர் தடிமனுக்குக் களிமண் விரிசல்களில் நரம்பு நரம்பாக ஹைட்ரேட் இருந்தது. மகாநதிக் கடலிலும் கிடைத்தது. அந்தமானில் எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் கிடைத்தது. இந்தியக் கடலில் துளையிட்டு உறுதி செய்தவை இந்த மூன்று பகுதிகள்தான்.

தரையில் இருந்து இன்னும் கீழே போகப் போகப் பூமியின் சூடு ஏறும். ஒரு மட்டத்துக்குக் கீழே ஹைட்ரேட் நிற்காது, வாயு வாயுவாகவே இருக்கும். அந்த எல்லை எங்கள் படத்தில் கடல் தரையின் மேடு பள்ளத்தை அப்படியே ஒத்து, அடர்த்தியான கோடாக ஓடும். பிளவு வெட்டிக்கொண்டு போகிற இடத்தில் அந்தக் கோடு அறுந்து, வாயு ஏறிய தடம் புகைபோக்கி போல நிமிர்ந்து நிற்கும். இந்த வேலைக்கு வந்ததில் இருந்து நான் ஆசையாகத் தேடுவது அந்த இடங்களைத்தான்.

சரி, வெடிக்குமா? ஹைட்ரேட் கலைய வெப்பம் வேண்டும். கலையும்போது சுற்றி இருக்கிற வெப்பத்தையும் இழுத்துக்கொள்வதால் அக்கம்பக்கம் குளிர்ந்து, கலைவது தானே மட்டுப்படும். 2013-இல் ஜப்பான்காரர்கள் நங்காய் பள்ளப் பகுதியில் இதை வாயுவாக எடுத்துப் பார்த்தார்கள். கடலடியில் இருந்து ஹைட்ரேட் வாயு எடுத்தது உலகிலேயே அதுதான் முதல் தடவை. ஆறு நாளில் சுமார் 1,20,000 கன மீட்டர் வந்தது, அதற்குள் கிணற்றில் மணல் ஏறி நிறுத்த வேண்டியதாயிற்று. எடுத்தே தீருவது என்று கோடிக்கணக்கில் செலவு செய்தவர்களுக்கே அவ்வளவு சிரமம். மொத்தமும் ஒரே நொடியில் வெளியே வர வழியே இல்லை.

2004-இல் நாகப்பட்டினத்தையும் குளச்சலையும் அடித்தது வேறு. சுமத்ராவில் இருந்து அந்தமான் வரை 1000 கிலோமீட்டருக்கும் மேல் பிளவு நகர்ந்து, கடல் தரை எழும்பித் தண்ணீரைத் தள்ளியது. வாயுவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நார்வே பக்கம் சுமார் 8,000 வருஷத்துக்கு முன்னால் ஸ்டோரெகா என்ற பிரம்மாண்டமான கடலடிச் சரிவு நடந்து சுனாமி வந்தது. அதற்கு ஹைட்ரேட்தான் காரணமோ என்று ஒரு காலத்தில் சந்தேகப்பட்டார்கள். பனியாறு வேகமாகக் கொட்டிய வண்டலும் நில அதிர்ச்சியும்தான் காரணம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் கடலடிச் சரிவு என்பது நிஜமான ஆபத்து. 1998-இல் பப்புவா நியூ கினியாவில் அப்படி வந்த அலையில் 2,000 பேருக்கு மேல் செத்தார்கள். இதை எழுதும்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்து மனசு கொதிக்கிறது. நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் பக்கம் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. ஒரு தாத்தா எழுந்து, மன்னார் வளைகுடாவில் அடிமண் சரிந்த இடங்கள் இருக்கிறதாமே, மறுபடி சரிந்தால் நம் கரைக்கு என்ன ஆகும் என்று கேட்டார். மேடையில் இருந்தவர், “இது டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குப் புரியாது” என்று உட்கார வைத்துவிட்டார். ஜியாலஜி படித்த யாரும் கேட்க வேண்டிய கேள்வி அது. அன்றைக்குப் பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தால், இன்றைக்கு முகம் தெரியாத ஒருவரின் ஆடியோவை எங்கள் ஜனங்கள் நம்ப வேண்டிய நிலை வந்திருக்காது.

கேட்டதற்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தில் ஆய்வுக் கப்பல் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். பிளவைப் பற்றியும் வாயுவைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கவில்லை. “கப்பலில் லேடீஸுக்கு வசதி இல்லை, வீட்டில் விடுவார்களா?” என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள். அப்பா கடலுக்குப் போய்ச் சம்பாதித்த காசில் படித்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? என்னோடு படித்த பெண்களில் நன்றாக வரைபடம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இப்படித்தான் பி.எட். முடித்து வேறு பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2007-இல் இருந்து ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் சுனாமி எச்சரிக்கை மையம் நடத்துகிறது. எச்சரிக்கை உண்டா இல்லையா என்பதை அதன் அறிவிப்பில் பாருங்கள். நிலம் ரொம்ப நேரம் ஆடினாலோ, கடல் சட்டென்று உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக்கூடக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போய்விடச் சொல்லுங்கள். ஆடியோவை அனுப்பியவருக்கு இந்தப் பதிலை அனுப்பிவையுங்கள். மன்னார்ச் சரிவுகளைப் பற்றி யாராவது கேட்டால் அதைத் தனிக் கேள்வியாகப் போடச் சொல்லுங்கள், அதற்கும் எழுதுகிறேன்.