கை நரம்பு ஆபரேஷன் பண்ணா வலி நிரந்தரமா தங்கிடுமா?

குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அம்மாவுக்கு 54 வயசு, பீடி சுத்துறாங்க, ராத்திரியில கை மரத்துப்போய் எழுந்து உதறிக்கிட்டே உக்காந்துகீறாங்க, மணிக்கட்டுல நரம்பு நசுங்குற கார்பல் டன்னல்னு சொல்லி ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க, ஆனா பக்கத்து வீட்டு அக்கா "எங்க அண்ணிக்கு இதே ஆபரேஷன்தான், கை வீங்கி எரிச்சல் நிக்கவேயில்ல"ன்னதும் அம்மா மாட்டேன்னுட்டாங்களாம்.

தம்பி, அந்த அக்கா சொல்றது நடக்கக்கூடியதுதான். சிஆர்பிஎஸ்னு பேரு, அடிபட்டதுக்கோ ஆபரேஷனுக்கோ அப்புறம் கை காலுல நீடிக்கிற ஒரு வலி நோய். புண்ணு ஆறினாலும் வலி அடங்காது, துணி பட்டாலே எரியும், கை நிறம் மாறும், ஒரு கை சூடா ஒரு கை சில்லுன்னு இருக்கும், வீக்கம், வியர்வை, விரல் மடங்காம விறைச்சுக்கும். பெண்களுக்குத்தான் அதிகமா வருது, அதுவும் நூத்துல சில பேருக்குத்தான்.

இதையும் சாதாரண வலியையும் குழப்பிக்காதீங்க. தையலுக்கு ரெண்டு பக்கமும் உள்ளங்கை அடியில, கைய ஊணி எழுந்திரிக்கும்போது வலிக்கும், அது நிறைய பேருக்கு வரும், பெரும்பாலும் 3ல இருந்து 6 மாசத்துல தானா போயிடும். மரப்பு மட்டும் கொஞ்சம்கூட குறையலன்னா, நரம்பை அழுத்துற மணிக்கட்டுப் பட்டை ஆபரேஷன்ல முழுசா வெட்டப்படலையான்னு டாக்டர் திரும்பப் பாக்கணும்.

பயந்துக்கிட்டு தள்ளிப்போடுறதுலயும் ஆபத்து இருக்கு. அம்மாவோட ரெண்டு கையையும் பக்கத்துல வெச்சு கட்டைவிரல் அடிச் சதையைப் பாருங்க, ஒண்ணுல வத்திப்போயிருந்தா நரம்பு ரொம்ப நாளா நசுங்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அந்தச் சதை அப்புறம் முழுசா திரும்பாமலே போகலாம்.

என்னைக் கேட்டா, ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற முதல் சில வாரம்தான் முக்கியம். டாக்டர் வேணாம்னு சொல்லாத வரைக்கும் அன்னைக்கே விரலை மடக்கி நீட்ட ஆரம்பிக்கணும், வலிக்குதேன்னு கைய மடியில பொத்தி வெச்சுக்கிட்டே இருந்தா விறைப்பு ஏறும். கைய நெஞ்சுக்கு மேல தூக்கி வைக்கணும், கட்டு இறுக்கமா இருந்தா அன்னைக்கே சொல்லிடணும். எரிச்சலும் வீக்கமும் குறையாம ஏறிக்கிட்டே போனா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க, சீக்கிரம் பிசியோதெரபியும் நரம்பு வலி மாத்திரையும் ஆரம்பிச்சவங்களுக்கு நல்லா தேற வாய்ப்பு அதிகம். வேலூர் சிஎம்சியில பால் பிராண்ட் டாக்டர் 1940கள்லயே தொழுநோய் வந்த கைகளுக்கு ஆபரேஷனையும் பயிற்சியையும் சேர்த்தே செஞ்சாரு, அதனால கை தெரபிக்கு நீங்க தூரம் அலைய வேண்டியதில்ல.

போறதுக்கு முன்னாடி சுகர், தைராய்டு பாத்துடுங்க, நரம்பு டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க. அம்மாவுக்கு முன்னாடி எப்பவாவது எலும்பு முறிஞ்சு கட்டு பிரிச்ச அப்புறமும் இந்த மாதிரி எரிச்சல் இருந்திருந்தா அதை மறக்காம டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.