உப்புத் தண்ணீரில் எலுமிச்சை வருமா?

கேள்வி: ஓய்வு பெற்று, முதுகுளத்தூர் பக்கம் சொந்த ஊரில் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறோம். சுற்றிலும் 20 சென்ட், கரிசல் மண், போர் தண்ணீர். எலுமிச்சை இலைகள் நுனியிலிருந்து கருகுகின்றன. பொட்டாஷ் வைத்தும் தேறவில்லை. எருக்குழி ஓரம் வைத்த தென்னங்கன்றுகளின் ஓலை, கத்தரிக்கோலால் வெட்டியது போல விரிகிறது. காய்கறி நாற்றை மயில் விடுவதில்லை. முருங்கை மட்டும் காய்த்துத் தள்ளுகிறது. தோட்டத்தை விட்டுவிடலாமா?

பதில்: முருங்கை காய்க்கும் இடத்தை ஏன் விட வேண்டும்? மரங்களை மாற்றினால் போதும்.

முதலில் தண்ணீர். முற்றிய இலையில் நுனியும் ஓரமும் கருகினால் பெரும்பாலும் உப்புதான் காரணம். சத்துக் குறை என்று நினைத்துப் பொட்டாஷ் வைத்தது நிலைமையை மோசமாக்கியிருக்கும். கடையில் கிடைக்கும் பொட்டாஷ் பெரும்பாலும் குளோரைடு உப்பு, அதை உடனே நிறுத்துங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கூடவே மண்ணும் கொடுங்கள். முடிவில் தண்ணீரின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டுவது) மீட்டருக்கு 1 டெசிசைமன்ஸைத் தாண்டினாலே எலுமிச்சை திணறத் தொடங்கும். உங்கள் மாவட்டத்தில் உப்புத் தண்ணீர் புதிதல்ல. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தையே ராமநாதபுரத்தில் வைத்திருக்கிறது. முடிவு வந்ததும் ஜிப்சம் போட வேண்டுமா என்று அங்கே கேளுங்கள். பக்கத்து வீட்டில் போட்டார்கள் என்று நீங்களும் போட வேண்டாம், அது சோடியம் மிகுந்த மண்ணுக்கான மருந்து.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும் பழக்கம் இருந்தால் விடுங்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு வேர் மட்டத்திலேயே தங்கும். இடைவெளி விட்டு நன்றாக நனையப் பாய்ச்சினால் உப்பு கீழே இறங்கும். ஆனால் கரிசலில் தண்ணீர் சீக்கிரம் வடியாது, அதனால் மரத்தடியை மேடாக்கி வடிகால் வெட்டிவிட்டுப் பாய்ச்சுங்கள். காய்ந்த இலை, ஓலை மூடாக்கும் போடுங்கள். எலுமிச்சையே வேண்டும் என்றால் இரண்டு மரம் மட்டும் வைத்து, மழைத் தண்ணீரில் வளருங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டியில் பிடித்தால் கோடைக்கும் கொஞ்சம் மிஞ்சும். மற்ற இடத்தில் சப்போட்டா, நெல்லி, நாவல் வைக்கலாம். ஓரளவு உப்பைத் தாங்குபவை இவை.

தென்னைக்கும் உப்பு அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. அங்கே வேலையைக் காட்டுவது காண்டாமிருக வண்டு. விரியாத குருத்தை அது துளைத்துத் தின்பதால்தான் ஓலை வெட்டுப்பட்டு விரிகிறது. எருக்குழி பக்கத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், வண்டு முட்டையிடுவது அங்கேதான். குழியைக் கிளறினால் வெள்ளையாய்ச் சுருண்ட தடித்த புழுக்கள் கிடைக்கும். கோழிகளை விடுங்கள், அவை பார்த்துக்கொள்ளும். இந்தப் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தையும் குழியில் கலந்துவிடலாம். ஓட்டைக்குள் இருக்கும் வண்டைக் கம்பிக் கொக்கியால் இழுத்தெடுங்கள். அப்புறம், கடற்கரைப் பக்கம் போனால் பழைய மீன்வலை கேட்டு வாங்கி வாருங்கள். மட்டை இடுக்குகளில் திணித்துவைத்தால் வண்டு அதில் சிக்கிக்கொள்ளும். செலவே இல்லாத வழி இது.

மயிலை ஒன்றும் செய்ய முடியாது, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை. நாற்றங்காலுக்கு வலைப் பந்தல்தான் வழி. இந்த வருஷம் காய்கறியைக் குறைத்துக்கொண்டு, புரட்டாசி, ஐப்பசி மழையோடு ஒரு பாத்தி முண்டு மிளகாய் விதையுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய உங்கள் ஊர்ச் சரக்கு, மானாவாரியிலேயே வரும். போர் தண்ணீரை அதற்குக் காட்ட வேண்டாம்.