கேளுங்க, சொல்றேன்: 'அகிரா' மங்காவா, படமா?

கே: நாங்கள் நாலு பேர், ஒரே காலேஜ். இருவர் 'அகிரா' என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் பார்த்தவர்கள், இருவர் அதன் மங்காவை, அதாவது ஜப்பானிய காமிக்ஸ் தொடரை, படித்தவர்கள். மங்கா பார்ட்டி, பாதிக் கதையை வெட்டி எறிந்துவிட்டு எடுத்த படம் அது என்று ஒரேயடியாகச் சாதிக்கிறது. தீர்ப்புச் சொல்லுங்கள் அண்ணாச்சி.
(மாணவர், செங்கோட்டை)

ப: வெட்டினார்கள் என்றால் வெட்டியது யார் என்று கேட்டீர்களா தம்பி? மங்காவை வரைந்த காட்சுஹிரோ ஓட்டோமோதான் படத்தையும் இயக்கினார். 'யங் மேகசின்' இதழில் 1982 டிசம்பரில் தொடங்கிய தொடர் 1990 ஜூனில்தான் முடிந்தது, படமோ 1988 ஜூலையிலேயே தியேட்டருக்கு வந்துவிட்டது. அச்சுக்கே வராத பக்கங்களை எப்படி வெட்டுவது? மலைக்கு அந்தப் பக்கம் 'த்ருஷ்யம்', இந்தப் பக்கம் 'பாபநாசம்' என்று இரண்டையும் பார்த்துவிட்டு மோகன்லாலா கமலா என்று சண்டை போட்ட ஊர் உங்களுடையது. அங்கேயும் இரண்டையும் எடுத்தது ஒரே ஜீத்து ஜோசப்தான், ஆனால் அவர் கையில் முடிந்த கதை இருந்தது. ஓட்டோமோவிடம் அது இல்லை. அதனால் படத்துக்கென்று தனியாக ஒரு முடிவு செய்தார்.

(முடிவு தெரிந்தால் கோபம் வருகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

மங்காவில் அகிரா உயிரோடு இருக்கிறான். பூமிக்கடியில் உறைகுளிரில் தூங்கவைத்த சின்னப் பையன், எழுந்து வந்து மூன்றாம் தொகுதியின் கடைசியில் தன் மனசக்தியால் கதை நடக்கும் நியோ டோக்கியோ நகரத்தையே தரைமட்டமாக்குகிறான். படத்தில் அவன் கண்ணாடிக் குடுவைகளில் பிரித்துவைத்த உறுப்புகள் மட்டுமே. இந்த ஒரு மாற்றம் கதையின் எடையையே மாற்றிவிடுகிறது. படத்தில் நகரம் சரிவது கடைசியில், மங்காவில் அது பாதி வழிதான். அப்புறம் இன்னும் மூன்று தொகுதிகள் இடிபாடுகளுக்குள்ளேயே நடக்கின்றன. பேசாத அகிராவை முன்னால் உட்காரவைத்து, அதே மாதிரி மனசக்தி பெற்ற டெட்சுவோ ஒரு சாம்ராஜ்யம் நடத்துகிறான், அமெரிக்கக் கப்பல்கள் வருகின்றன, போகிற போக்கில் நிலாவையே உடைத்துக் காட்டுகிறான். கடைசியில் வெளிநாட்டுப் படை நிவாரணம் என்று வந்து இறங்கும்போது டெட்சுவோவின் பழைய பைக் கோஷ்டி நண்பன் கனேடாவின் கூட்டம் இது எங்கள் மண், கிளம்புங்கள் என்று விரட்டுகிறது. ஊர் அழிந்த மறுநாள் சாப்பாட்டுக்கு யார் வரிசையில் நிற்கிறார்கள், துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதையெல்லாம் காட்ட 2000 பக்கத்துக்கு மேல் வேண்டியிருந்தது. 124 நிமிடத்தில் அதற்கு இடமே இல்லை.

அதற்காகப் படத்தை மட்டம் தட்டாதீர்கள். அந்த ராத்திரி பைக் துரத்தலில் பின்விளக்கு சிவப்புக் கோடாக இழுத்துக்கொண்டு போகுமே, கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் அது எங்கே கிடைக்கும்? 327 வண்ணங்கள், அதில் 50 இந்தப் படத்துக்கென்றே கலக்கியவை. ஜப்பானில் பெரும்பாலும் படம் வரைந்த பிறகு குரல் கொடுப்பார்கள், இங்கே வசனத்தை முதலில் பதிவு செய்துவிட்டு அதற்கேற்ப வாயசைவை வரைந்தார்கள். கெய்னோ யமாஷிரோகுமி குழுவின் இசையில் பாலித் தீவின் மூங்கில் வாத்தியம் அதிரும்போது நெஞ்சு தனியாக அடித்துக்கொள்ளும். கனேடா, டெட்சுவோ நட்பு முறிவதும் எனக்குப் படத்தில்தான் வலித்தது, மங்காவில் அது கூட்டத்தில் கொஞ்சம் தொலைந்துபோகிறது.

தீர்ப்பு: கதைக்கு மங்கா. ஆனால் 'வெட்டி எறிந்த படம்' என்ற வாதம் தள்ளுபடி.

கே: 'அகிரா' படத்தில் மியாகோ என்ற சாமியாரம்மா சும்மா வந்து போகிறார். அவரைப் பற்றி அப்படி என்ன பெரிதாகப் பேசுகிறார்கள்?
(வாசகி, கம்பம்)

ப: படத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும் அம்மா. மங்காவில் அவர் பழைய ராணுவப் பரிசோதனையில் சிக்கிய குழந்தைகளில் ஒருவர், 19ஆம் எண். நகரம் அழிந்த பிறகு அகதிகளுக்கு உணவும் மருந்தும் கொடுப்பது அவருடைய கோயில்தான். கேய்கூட மங்காவில் கனேடாவின் காதலி என்பதோடு நிற்பதில்லை, டெட்சுவோவை நேருக்கு நேர் எதிர்ப்பவளே அவள்தான். கேய்க்குத் துணையாக மலை மாதிரி நிற்கும் சியோகோ என்ற போராளி படத்தில் வருவதே இல்லை. பெண்கள் விஷயத்தில் படம் கஞ்சம்தான், அதற்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன்.

கே: எதை முதலில் தொடுவது?
(கொழிஞ்சாம்பாறை வாசகர்)

ப: படம். மங்காவை முதலில் படித்தால், படம் முழுக்க அது எங்கே இது எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கே: கடன் வாங்கிய அகிரா புத்தகம் பின்னாலிருந்து தொடங்குகிறது. பைண்டிங் தப்பா?
(திருத்தணி வாசகர்)

ப: சரியாகத்தான் இருக்கிறது. ஜப்பானில் வலமிருந்து இடமாகப் படிப்பார்கள். பழைய ஆங்கிலப் பதிப்புகளில் நமக்காகப் படங்களைத் திருப்பிப் போட்டார்கள், 2017இல் வந்த பெட்டித் தொகுப்பில் மூலத்தில் உள்ளபடியே விட்டுவிட்டார்கள்.

கே: மங்காவும் வரைந்து படமும் எடுத்த மியாசாகியின் 'நௌசிகா'வும் இதே கதைதானா?
(ஆசிரியை, களியக்காவிளை)

ப: கிட்டத்தட்ட. மங்கா 1982 முதல் 1994 வரை விட்டுவிட்டு வந்தது, படம் 1984இலேயே வந்துவிட்டது. ஏழு தொகுதிகளில் முதல் இரண்டைச் சுற்றியே படம் நிற்கிறது. படத்து நௌசிகா உயிர்த்தெழும் தேவதை மாதிரி. மங்காவில் அவள் எடுக்கும் கடைசி முடிவு சரியா தப்பா என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை டீச்சர். படித்துவிட்டு எழுதுங்கள், இங்கேயே சண்டை போடலாம்.

கே: 2020 ஒலிம்பிக் தள்ளிப்போகும் என்று ஓட்டோமோவுக்கு முன்பே தெரியுமாமே?
(சித்தூர் வாசகர்)

ப: கதையில் 2020 டோக்கியோ ஒலிம்பிக் இருப்பது உண்மை. படத்தில் 'இன்னும் 147 நாள்' என்று ஒரு பலகை, கீழே யாரோ 'நிறுத்து, நிறுத்து' என்று கிறுக்கியிருப்பார்கள். நிஜத்தில் போட்டிக்கு 147 நாள் மிச்சமிருந்தது 2020 பிப்ரவரி 28இல், அடுத்த மாதமே போட்டியைத் தள்ளிவைத்தார்கள். ஆனால் அதே கதையில் மூன்றாம் உலகப்போரும் வந்து போயிருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்க யாரும் தயாராக இல்லை!