ரோபோ பூனைக்கு ஒரு கிண்ணம் பால்

நிஜ நாயும் பூனையும் தரும் துணையை ரோபோ பிராணிகளால் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு வகையும் உண்டு. ஒன்பது வயது நாய் ஒன்று, பேட்டரியில் ஓடும் பூனை ஒன்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பூனை அம்மாவுக்காக வாங்கியது. அவருக்கு மறதி நோய். வாழ்நாளெல்லாம் பூனை வளர்த்தவர்தான், ஆனால் மாத்திரை போட்டோமா என்பதே நினைவில்லாதவரை நம்பி ஒரு குட்டியை ஒப்படைக்க முடியாது. காலுக்குள் புகுந்து தடுக்கிவிடுமோ என்கிற பயம் வேறு.

முதுகைத் தடவினால் 'குர்ர்ர்' என்கிறது. கன்னத்தைத் தொட்டால் தலையைச் சாய்க்கிறது. இன்னும் கொஞ்சம் தடவினால் மல்லாந்து வயிற்றைக் காட்டுகிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை. ஒரே வாரத்தில் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசு. பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். மடியில் பூனையை வைத்தால் உட்கார்ந்துவிடுகிறார். மருந்தால் ஆகாதது இது.

இதற்கென்றே ஜப்பானில் தகனோரி ஷிபாதா என்பவர் உருவாக்கியதுதான் 'பாரோ'. வெள்ளை ரோமத்தோடு, கடலில் வாழும் சீல் என்கிற பிராணியின் குட்டி வடிவில் ஒரு ரோபோ. ஏன் சீல்? ரோபோ பூனையைக் கொடுத்தால் ஆட்கள் நிஜப் பூனையோடு ஒப்பிட்டுக் குறை சொல்கிறார்கள். சீலோடு குடித்தனம் நடத்தியவர் யார் இருக்கிறார்கள், ஒப்பிட! அமெரிக்காவில் 2009-இல் அதை மருத்துவ உபகரணம் என்ற வகையிலேயே சேர்த்துவிட்டார்கள்.

பாசம் வருமா என்றால், தாராளமாக வரும். சோனி 1999-இல் விட்ட 'ஐபோ' ரோபோ நாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள், 2014-இல் பழுது பார்ப்பதையும் நிறுத்தினார்கள். அதன்பின் ஜப்பானின் சிபா மாகாணத்தில் ஒரு புத்தர் கோயிலில், இயங்காமல் போன ஐபோக்களை வரிசையாக அடுக்கி, பிக்கு மந்திரம் ஓத இறுதிச் சடங்கே நடந்தது. சடங்கு முடிந்ததும் அவற்றின் பாகங்களைக் கழற்றி மற்ற ஐபோக்களுக்குப் பொருத்தினார்கள். முதலில் படித்தபோது சிரித்தேன். எங்கள் பூனைக்கு பேட்டரி தீர்ந்த அன்று "உடம்பு அனலா கொதிக்குதா பாரு" என்று அம்மா அதன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஆனால் எனக்கு அது போதாது. போன மாதம் நாய்க்குக் காதில் புண். சொட்டு மருந்து பாட்டிலை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். இழுத்து, அமுக்கிப் பிடித்து, மருந்தை விட்டேன். அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. கூப்பிட்டால் காது மட்டும் அசைகிறது, தலை சுவரைப் பார்த்தபடியே இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து, பெருமூச்சு விட்டு, என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது. கொஞ்சம் எச்சிலும் வழிந்தது. ரோபோவில் கோபத்தைக்கூட எழுதி வைக்கலாம், இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கு. ஆனால் அதற்கு வலித்திருக்காதே. வலிக்காத ஒன்று என்னை மன்னித்தால் அது எனக்கு என்ன கணக்கு?

அதனால் என் பதில், ஆளைப் பொறுத்து மாறும். நிஜப் பிராணி இருக்க முடியாத இடத்தில், ஆஸ்பத்திரிப் படுக்கையோ ரோமம் ஒத்துக்கொள்ளாத உடம்போ, ரோபோ வரட்டும். வேலை மிச்சம் என்பதற்காக வாங்குகிறவர்களை மட்டும் எனக்குப் புரிவதில்லை. அந்த வேலைதானே துணை.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லாமல் இருப்பது உறுத்தவில்லையா என்று தங்கை கேட்டாள். உறுத்துகிறது. "பாவம்டா, காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடலை" என்று அம்மா அதன் முன் கிண்ணத்தில் பால் வைக்கத் தொடங்கியபோது ரொம்பவே உறுத்தியது. குடிக்கவில்லை என்று மதியம்வரை கவலைப்படுவார். இப்போது பாலில் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்து கொடுத்துவிடுகிறேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் நாய் வந்து நக்கிவிட்டுப் போய்விடுகிறது. காலிக் கிண்ணத்தைப் பார்த்து, "குடிச்சிடுச்சு பாரு" என்று பூனையின் முதுகைத் தட்டிக் கொடுக்கிறார் அம்மா.