அரியாங்குப்பத்தில் இரண்டாவது பேக்கரி: 12 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேக்கரி வைத்திருக்கிறேன். வயது 43. என்னிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். கடை விற்பனையும் டீக்கடைகளுக்குப் போகும் லைன் விற்பனையும் சேர்ந்து மாதம் 7,20,000 ரூபாய் ஆகிறது. என் கணக்குப்படி ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக லாபம் நிற்க வேண்டும். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இருப்பதில்லை. காலை ஐந்து மணிக்குக் கடைக்கு வந்தால் இரவு பத்தரைக்குத்தான் வீடு. மனைவி இரவில் கணக்கு எழுதுகிறார். நான் கல்லாவில் உட்காராத நாளில் பணம் குறைகிறது. மாஸ்டர் 85,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். புதுச்சேரியில் ஒரு கடையில் அவரைக் கூப்பிடுவதாகக் கேள்வி. பையன்களைத் திட்டினால் நின்றுவிடுகிறார்கள். பொங்கலுக்குப் பிறகு இரண்டு பேர் போய்விட்டார்கள். இதற்கிடையே அரியாங்குப்பத்தில் நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது. 12 லட்சம் கடன் வாங்கி இரண்டாவது கடை திறக்கலாமா? வங்கி வைப்பில் 3 லட்சம் உள்ளது. இன்னொன்று, புதுச்சேரியில் ஓர் ஓட்டலில் மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்துகிறார்கள். கட்டணம் 30,000. போகலாமா? ஒரு மாத நோட்டுக் கணக்கின் நகலையும் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், கடலூர்

பதில்: இரண்டாவது கடை இப்போது வேண்டாம். பயிற்சிக்கும் போக வேண்டாம். ஏன் என்பதை உங்கள் நோட்டை வைத்தே சொல்கிறேன்.

மைதா, சர்க்கரை, டால்டா, முட்டை என்று சரக்குக்கு 4,17,000. சம்பளமும் கமிஷனும் 1,38,000. வாடகை 28,000. விறகு, கேஸ், மின்சாரம் 34,000. ஜி.எஸ்.டி. 7,000. இவற்றைக் கழித்து 96,000 லாபம் என்று அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். ஆனால் வண்டிக்கும் பெட்ரோலுக்கும் ஆன 16,000 ரூபாயைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதியிருக்கிறீர்கள், அது கழிக்கப்படவில்லை. லைன் வண்டியில் ஏற்றிய சரக்கை எல்லாம் விற்பனை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 22,000 ரூபாய்ச் சரக்கு விற்காமல் திரும்பி வந்திருக்கிறது. இரண்டையும் கழித்தால் 58,000.

இந்த 58,000 ரூபாயும் லாபமல்ல. நாளுக்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் உழைக்கும் உங்களுக்கும் இரவில் கணக்கு எழுதும் உங்கள் மனைவிக்கும் இதில் சம்பளமே இல்லை. உங்கள் இடத்தில் ஒரு மேனேஜரை வைத்தால் 30,000 ரூபாயாவது கேட்பார். கணக்கு எழுதுபவருக்கு 10,000. அவற்றையும் கழியுங்கள். கடை தன் காலில் நின்று சம்பாதிப்பது மாதம் 18,000 ரூபாய்தான். 12 லட்சம் ரூபாயை 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 26,000. புதுக் கடை முதல் நாளிலிருந்தே லாபம் தராது. அதுவரை தவணையைக் கட்டப்போவது மஞ்சக்குப்பம் கடைதான், அதாவது உங்கள் குடும்பத்தின் சாப்பாட்டுப் பணம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அரியாங்குப்பம் உங்கள் கண்ணுக்கு அடுத்த ஊர். ஆனால் அது புதுச்சேரியைச் சேர்ந்தது; வரிச் சட்டத்துக்கு வேறு மாநிலம் மாதிரி. எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் தனி ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். நீங்கள் கட்டும் 7,000 ரூபாயைப் பார்த்தால் சிறு தொழில்கள் விற்பனையில் ஒரு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க வரி (காம்போசிஷன்) முறையில் இருப்பதாகத் தெரிகிறது. அந்த முறையில் இருப்பவர் மாநில எல்லையைத் தாண்டிச் சரக்கை விற்கக் கூடாது. சொந்தக் கடைதானே என்று மஞ்சக்குப்பத்தில் சுட்ட பன்னை அரியாங்குப்பத்துக்கு அனுப்பினாலும், இரண்டு பதிவுகளுக்கு இடையே போகும் அந்தச் சரக்கு மாநிலங்களுக்கு இடையிலான விற்பனையாகவே கருதப்படும். சலுகை போய்விடும், வழக்கமான முறைக்கு மாற வேண்டும். கேக், பிஸ்கட் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டதால் அப்படி மாறுவது முன்பு போல் மிரட்டலான விஷயமல்ல. ஆனால் ஒவ்வொரு கொள்முதலுக்கும் விற்பனைக்கும் ஒழுங்கான பில் வேண்டும். பெட்ரோல் செலவைக் கடைசிப் பக்கத்தில் எழுதும் நோட்டு அதற்குத் தாங்காது. உணவுப் பாதுகாப்பு உரிமமும் அந்த இடத்துக்குத் தனியாக வாங்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஓர் ஆடிட்டர் சரிசெய்து கொடுத்துவிடுவார். அவரால் சரிசெய்ய முடியாதது ஒன்று இருக்கிறது: நீங்கள் இல்லாமல் உங்கள் கடை ஒரு நாள்கூட ஓடுவதில்லை. ஒரே ஆளை நம்பி நிற்கும் கடையை இரண்டாக்கினால், அந்த ஆள் எந்தக் கடையில் இருக்கிறாரோ அது மட்டும் ஓடும். உங்கள் பணப் பிரச்சினையின் வேர் இதுதான்.

முதலில் கல்லாவுக்கு வருவோம். பணம் குறைகிறது என்றதும் பையன்களைச் சந்தேகிக்கிறீர்கள். உங்கள் நோட்டில் வீட்டுக்கு எடுத்த பணம் என்று ஒரு வரிகூட இல்லையே! பால், பள்ளிக் கட்டணம், மொய் எல்லாம் எங்கிருந்து போகின்றன? கல்லாவில் கை வைப்பவர்கள் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒன்றாம் தேதி 30,000 ரூபாயை உங்கள் சம்பளமாகவும் 10,000 ரூபாயை மனைவியின் சம்பளமாகவும் வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகு அந்த மாதம் கல்லாவிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள். க்யூஆர் அட்டை உங்கள் சேமிப்புக் கணக்கில் இணைந்திருந்தால் கடையின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி அதற்கு மாற்றுங்கள். காலையில் 2,000 ரூபாய் சில்லறையோடு கல்லாவைத் திறக்க வேண்டும். இரவில் இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாதம் இப்படி நடந்த பிறகும் குறைந்தால் அப்போது யாரையாவது கேள்வி கேளுங்கள்.

அடுத்து, திரும்பி வரும் சரக்கு. எனக்கு உங்கள் நோட்டில் மிகவும் ருசிகரமான இடம் இதுதான். லைனுக்குப் போகும் பையனுக்கு வண்டியில் ஏற்றும் சரக்கின் மதிப்பில் ஐந்து சதவீதம் கமிஷன் கொடுக்கிறீர்கள். மாதம் 2,60,000 ரூபாய்ச் சரக்கு ஏற்றுகிறார், 13,000 வாங்குகிறார். விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்கு அதே பணம். பிறகு ஏன் அளவாக ஏற்ற வேண்டும்? டீக்கடைக்காரர் நாற்பது பன் போதும் என்றாலும் ஐம்பதை வைத்துவிட்டு வருவார். அவர் மீது குற்றமில்லை. நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்களோ அதைத்தான் அவர் செய்கிறார். திரும்பி வந்ததைக் கழித்து, உண்மையில் விற்ற 2,38,000 ரூபாய்க்கு ஆறு சதவீதம் கொடுங்கள். அவருக்கு 14,280 கிடைக்கும், முன்பைவிடக் கூடுதல்தான். வீணாகும் சரக்கு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் அந்தக் கூடுதல் கமிஷனைப் போல் பல மடங்கு உங்களிடம் மிஞ்சும். (திரும்பி வந்த பன்னை ரஸ்க்காக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கடையின் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பவர் அதைச் செய்ய மாட்டார்.)

இந்தக் கணக்கு மாஸ்டருக்கும் தெரிய வேண்டும். பெரும்பாலான பேக்கரிகளில் லைன் வண்டி டிரேக்களோடு திரும்பும் நேரத்தில் மாஸ்டர் படுத்திருப்பார். விடியற்காலையில் எழுந்து, நேற்றுப் போட்ட அதே மூட்டைக் கணக்கில் மாவைப் பிசைவார். எத்தனை தேங்காய் பன் திரும்பியது என்பது முதலாளிக்கு மட்டுமே தெரியும். மாவு பிசையும் மேடைக்கு மேலே ஒரு சிலேட்டை மாட்டுங்கள். இரவில் லைன் பையன் அதில் எழுத வேண்டும்: எந்தச் சரக்கு, எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது. மறுநாள் என்ன, எவ்வளவு போடுவது என்பதை அதைப் பார்த்து மாஸ்டரே முடிவு செய்யட்டும். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். முதல் வாரம் ஒரு நாள் பப்ஸ் பத்தாமல் போகும், வாடிக்கையாளர் முணுமுணுப்பார், உங்களுக்குக் கை துறுதுறுக்கும். போகட்டும். அவசரத்துக்கு ஈஸ்ட்டோ முட்டையோ வாங்க நாளுக்கு 3,000 ரூபாய் வரை அவரே செலவு செய்யலாம், பில் மட்டும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வேலையை மட்டும் கொடுத்து முடிவை உங்கள் சட்டைப்பையில் வைத்திருந்தால் எதிரில் நிற்பவர் கூலியாளாகவே இருப்பார். முடிவை ஒரு தொகையோடு சேர்த்துக் கொடுத்தால்தான் பொறுப்பு வரும்.

அவருடைய 85,000 ரூபாய் முன்பணம் உங்களுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. கூப்பிடுகிற கடைக்காரர் அந்தத் தொகையை உங்கள் மேசையில் வைத்துவிட்டு அவரை அழைத்துப் போக ஒரு நாள் போதும். முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் தடுக்க நினைத்தால் அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தில் கொண்டுபோய் விடும். எழுத்தில் ஒரு கணக்குப் போடுங்கள்: மாதம் 2,500 ரூபாய் அவர் சம்பளத்தில் பிடித்தம்; அவர் வேலையில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் 1,000 ரூபாயை நீங்கள் தள்ளுபடி செய்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளில் கடன் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். உங்களுக்கு ஆகும் செலவு 24,000. நல்ல மாஸ்டர் போனால் வேறு ஒருவரைத் தேடும் முதல் மாதத்திலேயே அதைவிட அதிகமாக இழப்பீர்கள். இனி முன்பணம் என்றால் ஒரு மாதச் சம்பளம்தான் உச்சவரம்பு என்று எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள்.

திட்டுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் பணக் கணக்குப் பார்ப்பவன். ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன்: கடையில் அதிகம் திட்டு வாங்கும் பையன் பெரும்பாலும் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் ஒரு முறைகூடச் சொல்லித் தராத பையன். வாடிக்கையாளர் எதிரில் திட்டாதீர்கள், அவ்வளவுதான்.

பயிற்சிக்கு வருவோம். மூன்று நாள் கடையை விட்டுவிட்டு ஓட்டல் அறையில் உட்காரத் தயாராக இருக்கிறீர்கள் அல்லவா? அந்த மூன்று நாளையும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். மேலே சொன்னவை ஒரு மாதம் ஓடிய பிறகு, குடும்பத்தோடு எங்காவது போய்விடுங்கள். போன் எடுக்கக் கூடாது. திரும்பி வந்து பாருங்கள்: கல்லா எவ்வளவு குறைந்தது, எந்தச் சரக்கு தீர்ந்தது, எதற்காக யார் உங்களைத் தேடினார்கள். எந்தப் பயிற்சியாளரும் தர முடியாத பட்டியல் அது. மேடையில் கை தட்ட வைப்பவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் 30,000 ரூபாய் உங்கள் கடையின் ஒன்றரை மாத உண்மை லாபத்துக்கும் மேல். ஏதாவது கற்க வேண்டும் என்று ஆசை இருந்தால் லாப நட்டக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஆடிட்டரிடம் இரண்டு மாலை உட்கார்ந்தால் வந்துவிடும்.

வைப்பில் இருக்கும் 3 லட்சத்தைத் தொடவே தொடாதீர்கள். கடலூரில் தொழில் செய்பவருக்கு ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும் என்ன செய்யும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல், 2015இல் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும். இரண்டு வாரம் அடுப்பு எரியாவிட்டாலும் சம்பளமும் வாடகையும் நிற்காது; உங்கள் கடைக்கு அவை மட்டுமே மாதம் 1,66,000. வெள்ளத்தையும் புயலையும் சேர்த்துக் காக்கும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற காப்பீடு 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சொத்துள்ள சிறு தொழில்களுக்காகவே 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. மழை தொடங்கும் முன் எடுங்கள். அடுப்பு, மாவு பிசையும் இயந்திரம், சரக்கு மூன்றையும் மதிப்போடு எழுதச் சொல்லுங்கள்.

தொடர்ந்து நான்கு மாதம் உங்கள் சம்பளம் ஒன்றாம் தேதி தவறாமல் போய், அதற்கு மேலும் 30,000 ரூபாய் நின்றால் இரண்டாவது கடையைப் பற்றிப் பேசலாம். அப்போதும் எல்லை தாண்ட வேண்டாம். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையப் பக்கமோ நெல்லிக்குப்பமோ பாருங்கள். மஞ்சக்குப்பத்தில் சுட்டு அங்கே விற்கும் சிறு கடை என்றால் புது அடுப்பு தேவையில்லை; செலவு பாதிக்கும் கீழே வரும். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை சொத்துப் பிணையில்லாமல் கடன் கிடைக்கும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் இப்போதே செய்துகொள்ளுங்கள். இணையத்தில் இலவசம்தான், தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். புதிதாக ஒருவரைச் சேர்த்தாலே உங்களிடம் பத்துப் பேர் ஆகிவிடும், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. பதிவு கட்டாயம். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75 சதவீதம். அந்தச் செலவை முதல் நாளிலிருந்தே புதுக் கடைக் கணக்கில் எழுதி வையுங்கள்.