வேலையை விட்டு விலகியவரின் அலுவலக மின்னஞ்சலை மற்ற ஊழியர்கள் திறந்து படிக்கலாமா?

அலுவலக மின்னஞ்சல் கணக்கு நிறுவனத்துக்கு உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி, அலுவலகத்தில் உள்ள எவரும் அதற்குள் உலவலாம் என்று சொல்வதைக் கணினி நிர்வாகியாகப் பணிபுரியும் என்னால் ஏற்க முடியாது.

முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில், விலகியவரின் கடவுச்சொல்லை மாற்றி, அவருடைய இடத்துக்கு வந்தவரிடம் கொடுத்துவிடுவதே வழக்கம். நானும் தயங்காமல் கொடுத்திருக்கிறேன். அப்படி விலகிய ஒருவர் சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, தம் மருத்துவக் காப்பீட்டுக் கடிதங்களில் இருந்த செய்தி பழைய சகாக்களின் பேச்சில் அடிபடுகிறதே என்று வருத்தத்துடன் கேட்டார். யார் படித்தது என்று பதிவேட்டைப் புரட்டினால், எல்லா நுழைவுகளும் அவருடைய பெயரிலேயே இருந்தன. கடவுச்சொல்லைக் கைமாற்றிவிட்டு வேறு எதை எதிர்பார்ப்பது?

படிப்பதோடு இது நிற்பதுமில்லை. அலுவலக முகவரியையே வங்கிக்கும் இணையக் கடைகளுக்கும் கொடுத்து வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ, அவர் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினால், புதிய கடவுச்சொல் அமைக்கும் இணைப்பு பெரும்பாலும் அவரிடமே வந்து சேரும்.

இந்தியாவின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, பிறர் கடவுச்சொல்லை நேர்மையற்ற நோக்கில் பயன்படுத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்கிறது. பெல்ஜியத்தில் நிலைமை இன்னும் தெளிவு: விலகியவர்களின் முகவரிகளை மூடாமல் வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்கு அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் 15,000 யூரோ அபராதம் விதித்தது. விலகும் நாளுக்குள் கணக்கை முடக்கி, ஒரு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம், தானியங்கிப் பதில் மட்டும் போகும்படி வைத்து, பிறகு மூடிவிட வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு.

வாடிக்கையாளர் கடிதம் தேவைப்படும்தானே என்பார்கள், தேவைப்படும். மைக்ரோசாஃப்ட் 365 என்னும் அலுவலக மின்னஞ்சல் சேவையில் அந்தக் கணக்கை ‘ஷேர்டு மெயில்பாக்ஸ்’, அதாவது அனுமதி பெற்றவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய பகிர்வு அஞ்சல்பெட்டி ஆக மாற்றலாம். 50 ஜிபி வரை தனி உரிமக் கட்டணமும் இல்லை. அனுமதி பெற்ற ஊழியர் தம் சொந்தக் கணக்கின் வழியாகவே உள்ளே போவதால், நுழைவு அவர் பெயரில் பதிவாகும். நான் எழுத்து மூலமான கோரிக்கையின் பேரில், காரணத்தையும் கெடுவையும் குறித்துக்கொண்டே அந்த அனுமதியைத் தருகிறேன். அதற்கு முன், விலகுபவரைக் கடைசி வேலைநாளன்று அருகில் அமர்த்தி, சொந்தக் கடிதங்களை எடுத்துக்கொள்ளவும் வங்கியில் முகவரியை மாற்றவும் அரை மணி நேரம் ஒதுக்குகிறேன்.